பூங்காவில் ஐந்து கடகப்பெட்டிகள்

புறநோயாளர் பிரிவில் நாங்கள் மிக எளிதாக எழுதிக்கொடுப்பதும், மிக அரிதாகவே உட்கொள்ளப்படுவதுமான மருந்து ஒன்று உண்டு. 'நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கவும்' என்பதே அது. அடுத்த மாதம் வரும்போது கேட்டால் விடைகள் பலவிதமாக வரும். வெயில் என்பார் ஒருவர். தெருநாய்கள் என்பார் மற்றொருவர். "விடிஞ்சதும் கம்பெனி வண்டி வந்து நிக்குதுங்கய்யா, எங்கிட்டுப் போய் நடக்க?" என்று சிவகாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அம்மையார் கேட்டபோது, எங்களுள் எவராலும் மறுமொழி கூற இயலவில்லை. நாள் முழுதும் தரையில் அமர்ந்து சரம் பின்னுகிற அவருக்கு முழங்கால் வலிக்கிறது. அந்த முழங்காலுக்கு நடையே மருந்து என்று சொல்கிற எங்களுக்கோ நாற்காலியும் மின்விசிறியும் இருக்கின்றன.

இத்தனைக்கும் நம் பகுதி மக்கள் நடக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஆடி மாதத்தில் சாத்தூர்ச் சாலையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மஞ்சளாடை உடுத்தி, கையில் வேப்பிலையுடன், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு விருதுநகரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் இரவெல்லாம் நடக்கிறார்கள். அவர்களுள் எங்கள் சர்க்கரை நோயாளிகள் பலர் உண்டு. முந்தைய வாரம் எங்கள் அறைக்கு வந்து, தெருமுனை வரைகூட நடக்க முடியவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. பூங்காவின் சுற்றுப்பாதையில் எட்டு முறை சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்பதை நடை என்று ஏற்றுக்கொள்ள அவர்கள் மனம் மறுக்கிறது. போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்று கேட்கிறது. அக்கேள்வி நியாயமானதே.

ஒவ்வொரு சில நிமிடங்களுக்கும் போய்ச் சேர ஓர் இடத்தைக் காட்டும் விளையாட்டு ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. ஆங்கிலத்தில் அதை டிஸ்க் கோல்ஃப் என்கிறார்கள். வட்டெறிதல் என்ற சொல் பள்ளி விளையாட்டு விழாக்களில் முன்பே பழகியிருப்பதால், வட்டுக் கோல்ஃப் என்று நாங்கள் அழைத்துவருகிறோம். எங்கள் நோயாளிகள் சுருக்கமாக 'தட்டு விளையாட்டு' என்கிறார்கள். அவர்கள் பெயரே நிலைக்கும் என்று தோன்றுகிறது.

வறண்ட ஓடைக்கரையில்

எங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் மேற்பயிற்சிக்காகச் சில மாதங்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தங்கியிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்து, மலையடிவாரத்தில், அரோயோ செக்கோ என்ற ஓடையின் கரையில் ஓர் அகன்ற பூங்கா இருக்கிறது. அரோயோ செக்கோ என்றால் ஸ்பானிய மொழியில் வறண்ட ஓடை என்று பொருள். வைப்பாற்றையும் அர்ச்சுனா நதியையும் பார்த்து வளர்ந்தவருக்கு அப்பெயர் விளங்கச் சிரமம் இருக்கவில்லை. விண்கலங்களை இயக்கும் ஜேபிஎல் ஆய்வகம் அப்பூங்காவை ஒட்டியே அமைந்துள்ளது. ஓக் மரங்கள் நிறைந்திருப்பதால் ஓக் குரோவ் பூங்கா என்று அதற்குப் பெயர் வழங்கியது. 1975-இல் அது லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின், அதாவது நம் மாவட்ட நிர்வாகம் போன்றதோர் அமைப்பின் பூங்காவாக இருந்தது. இன்று பாசடீனா நகரின் பொறுப்பில், ஹஹமோங்னா என்ற பழங்குடிப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உலகின் முதல் நிலையான வட்டுக் கோல்ஃப் களம் அப்பூங்காவில்தான் 1975-இல் அமைக்கப்பட்டது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். பிரிஸ்பி தட்டுகளைத் தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். தட்டின் மேற்பரப்பில் வட்ட வட்டமாக மெல்லிய வரம்புகளை அமைத்து, அது அலையாமல் பறக்க வழிசெய்து, 1967-இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. பூங்காவில் முதலில் வெறும் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் ஓயாததால், கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்குக் கீழே ஒரு கூடையைப் பொருத்தினார். பறந்து வரும் தட்டு சங்கிலிகளில் மோதி, வேகமிழந்து, கூடையில் விழும். விழுந்தால் விழுந்ததுதான், வழக்குக்கு இடமில்லை.

தட்டின் கதை இதற்கும் மூத்தது. 1930-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாக் கடற்கரையில் ஃப்ரெட் மோரிசன் என்ற இளைஞர் தம் காதலியுடன் கேக் சுடும் தகரத் தட்டு ஒன்றை வீசி விளையாடிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அத்தட்டை 25 சென்ட்டுக்குக் கேட்டாராம். கடையில் அதன் விலை 5 சென்ட். நம் விருதுநகர் வணிகர்கள் மெச்சக்கூடிய இந்த லாபத்திலிருந்தே பறக்கும் தட்டு வணிகம் பிறந்தது. மோரிசன் பின்னர் பிளாஸ்டிக்கில் தட்டு வார்த்தார். 1957-இல் வாம்-ஓ நிறுவனம் அதை வாங்கி, பிரிஸ்பி என்று பெயர் சூட்டியது.

எங்கள் நண்பர் அங்கே கண்டது இதுதான். அறுபதைத் தாண்டியவர்கள், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியபடி வந்த தாய்மார்கள், எவரும் சீருடை இன்றி, பெரும்பாலும் கட்டணமும் இன்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். கோட்டில் நின்று கூடையை நோக்கித் தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்துக்கு நடந்து சென்று, அங்கிருந்து மீண்டும் எறிய வேண்டும். எத்தனை எறிகளில் கூடையை அடைந்தோம் என்பதே கணக்கு. குறைந்த எண்ணிக்கை பெற்றவர் வென்றவர். கூடையிலிருந்து தொலைவில் இருப்பவர் முதலில் எறிவார். முன்னே செல்பவர்கள் விலகும்வரை பின்னால் இருப்பவர்கள் பொறுத்திருப்பார்கள். விதிகள் ஏறத்தாழ இவ்வளவே. முழுக் களத்தில் பதினெட்டுக் கூடைகள் இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அவர்கள் பல கிலோமீட்டர் நடந்தார்கள். நடந்ததாக எவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

நம் மாநிலத்துக்கும் பறக்கும் தட்டு புதிதன்று. சென்னைக் கடற்கரைகளில் அல்டிமேட் என்னும் குழு ஆட்டமாக அது பல ஆண்டுகளாக ஆடப்பட்டுவருகிறது. ஆணும் பெண்ணும் ஒரே அணியில் கலந்து ஆடுவார்கள். நடுவர் கிடையாது, தவறுகளை ஆட்டக்காரர்களே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அது மூச்சிரைக்க ஓடும் இளைஞர் ஆட்டம். எங்கள் நோயாளிகளுக்கு வேண்டியிருந்தது ஓட்டம் இல்லாத வகை.

சங்குசக்கரமும் ஓட்டாஞ்சில்லும்

தட்டு ஏன் பறக்கிறது என்பதைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. சங்குசக்கரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி ஓய்ந்ததும் சாய்கிறது. தட்டுக்கும் அதே நியதி. மணிக்கட்டின் சுண்டல் தரும் சுழற்சி, காற்றில் தட்டைக் கவிழவிடாமல் காக்கிறது. அதன் வளைந்த மேற்புறம், விமானத்தின் இறக்கையைப் போல அதைத் தாங்குகிறது. வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கேயிருந்து வீசும் தட்டு, வேகம் தணியும்போது இடப்புறம் சரிந்து இறங்கும். எதிர்காற்றில் மேலே தூக்கும். பின்காற்றில் சீக்கிரமே தரைதட்டும். ஆடி மாதத்தில் மேற்குக் கணவாய்கள் வழியாக இறங்கும் காற்றில் இவ்விளையாட்டை ஆடவே கூடாது என்பது எங்கள் பட்டறிவு. அம்மியே பறக்கும்போது தட்டு எம்மாத்திரம்.

பலம் இதில் இரண்டாம் பட்சம். முரட்டுத்தனமாக வீசப்படும் தட்டு தள்ளாடி விழும். நிதானமாக, மணிக்கட்டைச் சுண்டி எறியும் கிழவியின் தட்டு நேராகப் போகும். எங்கள் களத்தில் தொடக்கம் முதலே ஆண்களைவிடப் பெண்களே நன்றாக எறிகிறார்கள். தீப்பெட்டி ஒட்டியும் திரி செருகியும் பழகிய விரல்களின் கட்டுப்பாடு அதற்குக் காரணமா, அல்லது வீம்பு இன்மையா என்று எங்களுக்குள் விவாதம் உண்டு.

நாங்கள் இவ்விளையாட்டைத் தேர்ந்ததற்கு நடை மட்டும் காரணமன்று. தீக்காயத் தழும்பு என்ன செய்யும் என்பதை இப்பகுதிக் குடும்பங்கள் பல, பாடநூல் இன்றியே அறிந்திருக்கின்றன. புண் ஆறிய பின்னும் தழும்பு ஓய்வதில்லை. ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேலாக, அது சுருங்கிக்கொண்டே இருக்கும். வலிக்கு இதமான நிலையைத்தான் உடல் இயல்பாக நாடும். மேற்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், முழங்கை மடங்கும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருளும், கட்டைவிரல் மற்ற விரல்களோடு நெருங்கிவிடும். அதே நிலையில் தழும்பு இறுகினால் மூட்டு அப்படியே நின்றுவிடும். இதமான நிலையே ஊனமாகும் நிலை என்று நாங்கள் குடும்பத்தினரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது தட்டைப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே; இரண்டுக்கும் இடையிலுள்ள தோல் விரிகிறது. எறியும்போது மேற்கை மார்பை விட்டு வெளிப்புறமாகத் திறக்கிறது; முழங்கை நீளுகிறது; கடைசிக் கணத்தில் விரல்கள் தாமாக விடுபடுகின்றன. தழும்பு எத்திசையில் இழுக்கிறதோ, அதற்கு நேர் எதிர்த்திசையில் ஒவ்வோர் அசைவும் அமைகிறது. மணிக்கணக்கில் நாங்கள் கற்பிக்க முயலும் அசைவுகள் ஒரே வீச்சில் கோவையாகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். தழும்பை நீளச் செய்வது வேகமான வீச்சன்று. மெதுவாக இழுத்து, நெடுநேரம் பிடித்து வைப்பதே. இரவில் கட்டும் சிம்பும், அழுத்த உடையும், இயன்முறை மருத்துவர் சொல்லித்தரும் நீட்டல்களும் ஆற்றும் பணியை எந்தத் தட்டும் ஆற்றாது. ஆனால் அந்த நீட்டல்களை வீட்டில் செய்வதற்கு ஒருவருக்கு ஒரு காரணம் வேண்டும். அடுத்த ஞாயிறு மூன்றாவது கூடையை இரண்டே எறிகளில் எட்ட வேண்டும் என்பது, எங்கள் அறிவுரையைவிட நல்ல காரணமாக இருக்கிறது.

அண்ணாச்சி

ஒருவரைப் பற்றிச் சொல்ல அவரும் அவர் துணைவியாரும் இசைந்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் வேண்டாம். களத்தில் எல்லாரும் அழைப்பதுபோல அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறோம். பட்டாசு ஆலையில் நெடுநாள் வேலை பார்த்தவர். விபத்தில் வலக்கையிலும் அக்குளிலும் மார்பின் ஒரு பகுதியிலும் ஆழமான தீக்காயம். உயிர் பிழைத்தார், தோல் ஒட்டும் நன்றாகவே பிடித்தது. எட்டு மாதங்களுக்குப் பிறகு எங்களிடம் அனுப்பப்பட்டபோது, முழங்கை செங்கோணத்தில் நின்றிருந்தது. அக்குளில் தழும்பு வௌவால் சிறகுபோல் படர்ந்து, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கவிடாமல் தடுத்தது. சட்டை போட, தலை துவட்ட, பேருந்தில் மேல்கம்பியைப் பற்ற, எதற்கும் அக்கை உதவவில்லை.

பயிற்சிக் கூடத்தில் சொன்னதைச் செய்தார். வீட்டில் செய்யவில்லை. "வெளிய தலை காட்ட மாட்டேங்காக. கதவைச் சாத்திக்கிட்டு செவத்தைப் பாத்தே உக்காந்திருக்காக" என்றார் அவர் துணைவியார். கண்ணாடியையும் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டாராம். தழும்பை எவரும் பார்ப்பதில் அவருக்கு இருந்த கூச்சம், தழும்பைவிடக் கடினமாக அவரைக் கட்டிப்போட்டிருந்தது.

அப்போதுதான் நாங்கள் நகர்ப் பூங்கா ஒன்றில், வேம்பும் புங்கமும் நின்ற ஒரு மூலையில், ஐந்து இலக்குகளை அமைத்திருந்தோம். முதல் நாள் எங்கள் அறியாமையால் இரண்டு தவறுகள் நேர்ந்தன. இலக்குகளாகப் பழைய பெயிண்ட் டின்களைக் கட்டியிருந்தோம். சிறுவன் ஒருவன் எறிந்த தட்டு டின்னில் மோதி 'டமார்' என்று ஒலித்தது. துண்டால் கையைப் போர்த்திப் பெஞ்சில் அமர்ந்திருந்த அண்ணாச்சி எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. வெடிச்சத்தத்தோடு வாழ்ந்தவர்களுக்குச் சத்தம் பழகியிருக்கும் என்று எண்ணியிருந்தோம். ஒருமுறை சுட்ட சத்தம் எப்படிப் பழகும்? அன்றே டின்களை அவிழ்த்தெறிந்தோம். அடுத்த வாரம் பனையோலைக் கடகப்பெட்டிகள் வந்தன. ஓலையில் தட்டு விழும்போது 'சரக்' என்ற ஓசை மட்டுமே எழும். இன்றுவரை அவையே எங்கள் கூடைகள்.

இரண்டாவது தவறு நேரத்தைப் பற்றியது. காலை எட்டரை மணிக்கு அழைத்திருந்தோம். தோலின் முழு ஆழமும் வெந்த இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் மீண்டும் உருவாவதில்லை. ஒட்டுத் தோலால் வியர்த்து உடலைக் குளிர்விக்க இயலாது. உடலில் பெரும்பரப்பு வெந்த ஒருவருக்கு நம் ஊர் வெயில், மற்றவர்களுக்கு இருப்பதைப் போன்றதன்று. நூல்களில் படித்திருந்தும், களத்தில் ஓர் இளம்பெண் தலைசுற்றி அமர்ந்தபோதுதான் அதை உணர்ந்தோம். நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணி போர்த்தி, நீர் கொடுத்ததும் தேறிவிட்டார். அன்று முதல் ஆட்டம் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, ஏழரைக்குள் முடிகிறது.

அண்ணாச்சி மறுவாரமும் வந்தார். துணைவியார் அழைத்துவந்தார் என்பதே சரி. அவருடைய மகன் எறிந்த தட்டு ஒன்று வழிதவறி அவர் காலடியில் விழுந்தது. குனிந்து, இடக்கையால் எடுத்து, உட்கார்ந்தபடியே திருப்பி எறிந்தார். தட்டு தரைக்கு ஒரு முழம் மேலே, சிறிதும் தள்ளாடாமல் மிதந்து போய்ப் பையன் கையில் சேர்ந்தது. நாங்கள் மூன்று வாரம் முயன்றும் எவருக்கும் கைவராத எறி அது. எங்கே கற்றீர்கள் என்று கேட்டோம். "இதென்னங்கய்யா பெரிய வித்தை. கண்மாயில ஓட்டாஞ்சில்லு விட்ட கைதானே" என்றார்.

உண்மைதான். கண்மாய் நிறைந்த நாட்களில் உடைந்த ஓட்டுச் சில்லை நீர்ப்பரப்பில் படுக்கையாக வீசி, தத்தித் தத்திப் போகவிட்டவர்கள் நம்முள் எத்தனையோ பேர். மணிக்கட்டின் அதே சுண்டல், அதே சுழற்சி. எங்கோ கலிபோர்னியாவிலிருந்து நாங்கள் இறக்குமதி செய்வதாக எண்ணியிருந்த திறன், வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில், நீர் நின்ற சில மாதங்களில் ஒவ்வொரு சிறுவனும் பழகியதே. சரியாகச் சொன்னால், பாண்டி ஆட்டத்தில் கட்டத்துக்குள் சில்லைத் துல்லியமாக விழவைக்கும் சிறுமியர்க்கும் அதில் பாதி வரும்.

அன்று முதல் அண்ணாச்சி ஆசிரியரானார். இடக்கையாலேயே மற்றவர்களுக்கு எறியக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுப்பதற்குக் கையைக் காட்டத்தானே வேண்டும்? துண்டு தோளுக்கு ஏறியது. பிறகு பெஞ்சிலேயே தங்கியது. நடைப்பயிற்சிக்கு வந்த அயலார் சிலர் நின்று பார்த்தார்கள். அவர்களுள் ஒருவர் தழும்பைப் பற்றிக் கேட்பார் என்று நாங்கள் பதைத்து நின்றபோது, அவர், "அண்ணாச்சி, நானும் ஒருதரம் எறியட்டுமா?" என்று கேட்டார்.

வலக்கைக்குத் தட்டு மாறியது ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே. முதல் எறி நான்கு காலடித் தொலைவு போயிருக்கும். துணைவியார் சிரித்துவிட்டார், அவரும் சிரித்தார். நாங்கள் அளவுகோலுடன் நின்றிருந்தோம். அன்று எதையும் அளக்கவில்லை.

கூடைகளின் உயரத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எறிதலால் கை வெளிப்புறம் திறக்குமேயன்றித் தோளுக்கு மேல் உயராது. எனவே இரண்டு கடகங்களை மற்றவற்றைவிட உயரத்தில் கட்டினோம். உள்ளே விழுந்த தட்டை எடுக்க வேண்டுமானால் கையைத் தூக்கியே ஆக வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான்கு விரற்கடை உயர்த்தினோம். அண்ணாச்சி அதைக் கண்டுபிடித்துவிட்டார். "பெட்டி வளருதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, எக்கி எடுத்துக்கொண்டார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எங்களுக்கு உரிமையில்லை. ஓரளவுக்கு மேல் அக்குள் தழும்பு இசையவில்லை. தழும்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. புண் முழுதும் ஆறும்வரை ஆட்டம் நிறுத்தப்பட்டது. முழங்கை இன்றும் கடைசிச் சில பாகைகள் நீளுவதில்லை. ஆலை வேலைக்கு அவர் திரும்பவில்லை. ஆனால் அறுவைக்கு அஞ்சி ஓராண்டாக ஒத்திப்போட்டுவந்தவர், எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று தாமாகவே வந்து கேட்டார். அண்மையில் மறுபரிசோதனைக்கு வந்தபோது, பேருந்தில் இடம் கிடைக்காததால் வழிநெடுக நின்றே வந்ததாகச் சொன்னார். எந்தக் கையால் கம்பியைப் பிடித்திருந்தீர்கள் என்று கேட்பதற்குள், வலக்கையை உயர்த்திக் காட்டினார்.

ஆட விரும்புவோர்க்கு

களம் அமைக்கப் பெருஞ்செலவில்லை. மரங்கள் உள்ள திறந்த வெளி, ஐந்து கடகங்கள், சணல் கயிறு, எறியும் இடத்தைக் குறிக்கச் சுண்ணாம்புக் கோடு, இவை போதும். கோட்டுக்கும் கூடைக்கும் நாற்பது அல்லது ஐம்பது காலடி இடைவெளி வைக்கிறோம். போட்டி ஆட்டத்துக்கான தட்டுகள் சிறியவை, விளிம்பு கூர்மையானவை. புதியவர்களுக்கு அவை வேண்டாம். அல்டிமேட் ஆட்டத்தின் தட்டு 27 செ.மீ. அகலமும் 175 கிராம் எடையும் உடையது. விளிம்பு மழுங்கியிருப்பதால் பிடிக்க எளிது. கைவலு குறைந்தவர்களுக்குச் சிறுவர்கள் ஆடும் எடை குறைந்த தட்டையே கொடுக்கிறோம். மூன்று சுற்று ஆடினால் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது நடந்திருப்பீர்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அதில் ஏறத்தாழ பாதி. மிச்சத்தை மற்ற நாட்களில் நீங்கள்தாம் தேடிக்கொள்ள வேண்டும்.

கிட்டிப்புள் ஆடக்கூடாதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் புள் தெறித்துக் கண் இழந்தவர்களைக் கண் மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். தட்டும் கண்ணில் பட்டால் காயம் செய்யும். எறிபவருக்கு முன்னால் எவரும் நிற்கக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம்.

தீக்காயம் பட்டவர்கள், புண் முழுதும் மூடி, அறுவை மருத்துவர் இசைந்த பின்னரே தட்டைத் தொடலாம். புதுத் தழும்பு வெயிலில் கருத்துவிடும். மெல்லிய முழுக்கைச் சட்டை அணிந்து வாருங்கள். மாரடைப்பு வந்தவர்கள் இதய மருத்துவரின் அனுமதியின்றி வரவேண்டாம். மார்பெலும்பைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்கள் குறைந்தது மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஆடும்போது பேச முடிய வேண்டும். பேச்சுத் திணறினால் அமர்ந்துவிடுங்கள். நெஞ்சில் இறுக்கமோ, கையிலும் தாடையிலும் பரவும் வலியோ தோன்றினால், ஆட்டம் முடியட்டும் என்று காத்திராமல் உடனே சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வருவது ஆபத்து. பையில் கொஞ்சம் சர்க்கரையோ கடலை மிட்டாயோ இருக்கட்டும். தோள் இறுகி, இரவில் வலியால் விழிப்பவர்கள் வலி தணியும்வரை எறியாமல் உடன் நடந்தால் போதும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எங்கள் பூங்காவில் ஒரே ஒரு பகைதான் உண்டு. வேலிக்கு அப்பால் நிற்கும் சீமைக் கருவேலத்தின் முள், சாதாரண ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஏறும். ஏறியது தெரியவே தெரியாது. வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வேலிக்கு வெளியே விழுந்த தட்டை எடுக்க நீங்கள் போகவேண்டாம். அதற்கென்றே கெட்டியான காலணியுடன் இரண்டு பயிற்சி மருத்துவர்கள் நிற்பார்கள். அவர்களுக்கும் நடை வேண்டியிருக்கிறது.

வர விரும்புவோர் மறுவாழ்வுப் பிரிவின் முகப்பில் பெயர் கொடுத்தால் போதும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கும். மழை பெய்தாலோ காற்று மிகுந்தாலோ கிடையாது. தட்டுகள் எங்களிடம் உள்ளன. தண்ணீரும் தொப்பியும் கொண்டுவாருங்கள். உடன் வரும் குடும்பத்தினரும் ஆடலாம். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க அண்ணாச்சி விடுவதில்லை.